இரண்டு கண்களும் தெளிவாக

டீ நன்றாக இருக்கிறது, சார். காவல் நிலையத்தில் இவ்வளவு பதமாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுப்பது என் பிழைப்பு. பறவைகள் என் ஆசைக்கு. அதிலும் ஜோடிப் பறவைகள். ஒற்றைப் பறவை என்றால் அதன் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வேலை முடிந்தது. கொண்டை முக்குளிப்பான்கள் என்ற நீர்ப்பறவைகள் ஜோடி சேரும்போது எதிரெதிரே வந்து தலையாட்டும். பிறகு இரண்டும் முங்கி, அலகில் பாசியைக் கவ்விக்கொண்டு எழும்பி, மார்போடு மார்பாகத் தண்ணீர்மேல் நிற்கும். நாலைந்து விநாடிதான். அப்போது இரண்டும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஒரு சாண் பின்னால் போனாலும் அதன் கண் மங்கிவிடும். ஒரு கண் மங்கினாலும் அது ஜோடியின் படம் இல்லை.

என் மனைவி பத்தொன்பது வருஷமாக என்னோடு வருகிறாள். முகம் சுளித்ததே கிடையாது. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. எங்கே போனாலும் கைப்பையில் இன்ஹேலர் இருக்கும். போன வருஷம், இப்போது போன இதே ஏரியில், பறவைகள் முங்கப்போகிற நேரம் பார்த்து அதை அழுத்தினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். இரண்டும் போய்விட்டன. நான் அவளைத் திட்டவில்லை. நான்கு நாள் பேசவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த முறை காரை விட்டு இறங்கும்போது கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து டாஷ்போர்டில் வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள்.

நாணலுக்குள் துணி மறைப்பு கட்டியிருந்தேன். மழையில் நனைந்து பூசணம் பிடித்த துணி. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆறே முக்காலுக்கு ஆண் பறவை வந்தது. அப்போதுதான் அவள் பையைத் துழாவினாள்.

"என்னங்க, பம்ப்பைக் காணோம்."

"கார்ல இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ. அதுங்க சேரப்போகுது."

அவள் தலையாட்டினாள். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சம்மதித்தாள்.

கார் இருநூறு அடி தூரம். மைத்துனர் தன் புகாரில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர் அக்காமேல் பாசமுள்ளவர், ஆனால் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஒருவர் எழுந்து நடந்தால் ஏரியே காலியாகிவிடும்.

அவள் இருமவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மூச்சு விசிலடிப்பது எனக்குக் கேட்டது. பறவைகளுக்குக் கேட்கவில்லை. நான் திரும்பியே பார்க்கவில்லை என்று மைத்துனர் சொல்வது தவறு. ஒரு தடவை பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. விடிகாலை வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் நீலமாகத்தான் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடையில் ஒரு படம் அழிக்கப்பட்டிருப்பதாக உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். தடயத்தை மறைத்தேன் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை, சார். அவள் என் முழங்கையைப் பிடித்தாள், கேமரா ஆடியது, படம் கலங்கிவிட்டது. கலங்கிய படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை. கையை மெதுவாக விடுவித்து அவள் மடியில் வைத்தேன். அதன்பிறகு தொந்தரவு செய்யவில்லை.

ஏழு மணி நாலு நிமிஷத்துக்கு இரண்டும் எழும்பி நின்றன. பாசி தொங்க, சம தூரத்தில். இரண்டு அலகுகளுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி. திரையில் பெரிதாக்கி முதலில் ஆணின் கண்ணைப் பார்த்தேன், பிறகு பெண்ணின் கண்ணை. இமை ஓரத்துச் சிவப்புகூடத் தெரிந்தது. மெமரி கார்டை மாற்றிவிட்டு, "இங்க பாரு" என்று அவள் பக்கம் திரும்பினேன்.

தெரியாமல் நடந்தது என்று எழுதச் சொல்கிறார் வக்கீல். வேண்டாம். இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது இல்லாமல் அவள் பிழைக்கமாட்டாள் என்பதும், அவள் கை என் முழங்கைக்கு வந்தபோதே தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அவளை நான் வெறுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். படம் உங்கள் மேஜைமேல்தான் இருக்கிறது, நீங்களே பாருங்கள். துணையின் அருமை தெரியாதவனால் இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா, சார்?