குடிகாரர் தட்டில் இருந்த ஊசி மருந்து

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய பெரிய டாக்டர் அவர்களே, அவசர சிகிச்சைப் பிரிவைத் தோளில் சுமக்கும் செவிலியச் செல்வங்களே, பெரியோர்களே, தாய்மார்களே, நான் வாய் திறக்குமுன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட பின்வரிசை மருந்தகத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற இந்த மருந்தாளுநனின் நடுங்கும் வணக்கம்!

இந்தப் பேச்சை எழுதி, மூன்று முறை சரிபார்த்தேன். இருந்தும் பிழை இருக்கும் என்றே அஞ்சுகிறேன்.

என்னை 'லேபிள் ஐயா' என்பீர்கள். தெரியும். எதைக் கண்டாலும் சீட்டு ஒட்டுவேன். என்ன தம்பி? ஆமாம், என் குடையிலும் ஒட்டினேன்! அதே ஒழுங்கில்தான், பி-ஒன் வைட்டமினான தயமின் ஊசி மருந்தை உச்சித் தட்டில் ஏற்றி, 'குடிகாரர்களுக்கு' என்று எழுதி ஒட்டினேன். அவர்களுக்கே அது அதிகம் போனது. ஆகவே அவர்களுக்கு மட்டுமே என்று முடிவு கட்டிவிட்டேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எண்ணம்தான் தப்பு!

ஒரு காலையில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் தம் மனைவியைத் தாங்கிக்கொண்டு வந்தார். நான்கு மாதக் கர்ப்பிணி. ஆறு வாரமாக ஓயாத வாந்தி. கால் நிலைகொள்ளவில்லை, கருவிழிகள் துடித்தன. கணவரைக் காட்டி, "இந்த அண்ணன் யாரு?" என்று கேட்டார்.

நாம் 'புயல்' என்றழைக்கும் செவிலியர் என் சன்னலுக்குப் பறந்து வந்தார்.

"ஐயா, தயமின் குடுங்க. குளுக்கோஸ் ஏத்தப் போறோம். கூடவே போடணும்."

"அது குடிகாரங்களுக்கும்மா. அந்தப் பொண்ணு குடிக்குமா?"

"பச்சத் தண்ணியே உள்ள தங்கல, இதுல குடிக்கிறதாம்! சாப்பாடு தங்காம உடம்புல தயமின் தீர்ந்துபோனா யாருக்கும் மூளை தடுமாறும் ஐயா!"

"தட்டுல அப்படித்தானே எழுதியிருக்கு?"

"எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே அடிச்சிட்டு எடுங்க! லேட்டானா அந்தம்மாவுக்குப் புருஷன் யாருன்னு கடைசிவரைக்கும் தெரியாமப் போயிடும்!"

ஏணி ஏறினேன். மருந்து ஏறியது. மறுநாளே கண்கள் நிலைத்தன. நான்காம் நாள், வார்டே அதிரும்படி ஒரு குரல்: "சீப்பு கேட்டா போர்வையத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க! கல்யாணமான நாள்லேர்ந்து இதே வேலதான்!"

ஓட்டுநர் அழுதுகொண்டே சொன்னார்: "திட்டும்மா, இன்னும் திட்டு!"

தாய்மார்களே, நீங்கள் சிரிக்கலாம். உங்கள் கணவர்மார் சிரிக்கவில்லை, பாருங்கள்!

அவையோரே! தெருவில் யாரைக் கண்டாலும் என்ன கேட்கிறோம்? "சாப்டீங்களா?" பாதி வழியில் மறித்துக் கேட்கிறோம், பதிலுக்குக் காத்திராமலும் கேட்கிறோம்! அந்த வாய் அவசரப் பிரிவின் வாசலில் ஏன் அடைத்துப்போகிறது? தள்ளாடி வந்தவரிடம் "குடிச்சியா?" என்றோமே, "ஒழுங்காச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" என்றோமா? வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவரிடம் கேட்டோமா? வயிற்றில் அறுவை கண்டவரிடம் கேட்டோமா? பட்டினி கிடந்தவரிடம் கேட்டோமா? கேளுங்கள்! ஐயம் எழுந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் தயமினைக் கொடுங்கள்! கெட்ட பின் கொடுப்பதைவிடக் கெடுமுன் கொடுங்கள்!

அந்த அம்மையார் இதோ, மூன்றாம் வரிசையில், மகளோடு அமர்ந்திருக்கிறார். அம்மா, நான் வாதாடி வீணாக்கிய அந்த நிமிடங்களுக்கு மன்னிப்புக் கேட்க இத்தனை நாள் எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"நீங்க சாப்டீங்களா?" என்று கேட்கிறார்.

இல்லையம்மா. மேடை பயத்தில் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. ஆகவே இத்துடன் இறங்கி, நேரே சாப்பிடப் போகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்!