பெஞ்சில் பாதி இடம்

கல்யாண வீட்டில் ஒரு மனிதரை அறுபது எண்ணும்வரை சும்மா நிற்கவைப்பது லேசான காரியம் இல்லை. பந்திக்கு இலை போட்டாயிற்று என்ற சத்தம் காதில் விழுந்தால் முப்பதிலேயே ஓடிவிடுவார்கள். ஆனால் 1962 தை மாதம் சிவகாசி காசிராஜன் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்தில் ஒருவர்கூட ஓடவில்லை. ஒரு நிமிடத்தில் படத்தைக் கையில் கொடுக்கும் காமிராவை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, என் பெயர் தேவாசீர்வாதம். விருதுநகரில் பதினான்கு வருடமாகப் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நேற்று நீங்கள் ஒரு படத்தைக் காட்டி, இந்த இரண்டு பேரும் எவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உங்கள் ரைட்டர் எழுதினால் என் வார்த்தை அவர் வார்த்தையாகிவிடும் என்பதால் நானே எழுதித் தருகிறேன். யாரும் மிரட்டவில்லை. காலையில் காப்பி குடித்துவிட்டு நிதானமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

படத்தில் மணக்கோலத்தில் இருப்பவள் அண்ணாச்சியின் ஒரே மகள் சொர்ணலட்சுமி. பக்கத்தில் தோளோடு தோள் சேர்ந்திருப்பவன் அவருடைய பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்பும் சூப்பர்வைசர் சுந்தரபாண்டி. அவள் சாவுக்கு அவன்தான் காரணம் என்று லாக்கப்பில் வைத்திருக்கிறீர்கள். அவனை விட்டுவிடலாம். அவர்கள் இருவரும் ஒரு வினாடிகூடச் சேர்ந்து உட்காரவில்லை.

இதைப் புரிந்துகொள்ள என் தங்கை பாக்கியவதியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். தாய் தகப்பன் இல்லாமல் நான் வளர்த்த பிள்ளை. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து வருடத்துக்கு முன்னால் காரியாபட்டி வாத்தியார் ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தேன். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் எங்களில் கல்யாணம். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு போதகர் எங்கள் பெயர்களை விட்டுவிட்டு அடுத்த ஜோடிக்குப் போனார். கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் என் பிடரியில் இருக்கிறது.

மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய் நின்றேன். "காசிராஜன் அண்ணாச்சி சொன்னாருங்க. ஒங்க தங்கச்சிக்கு டி.பி.யாம்லா?" என்றார். அண்ணாச்சியின் மனைவி மூன்று மாதம் அந்த ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாக்கியம்தான் பார்த்துக்கொண்டாள். செய்த உதவிக்கு அவர் கொடுத்த கூலி இது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அப்பழுக்கில்லாத படம். அந்த மனிதர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருட்டு ரூம்ல கழுவுற படம்தான? பேரை மாத்தி ஒட்டுனா யாருக்குத் தெரியப்போகுது" என்று என்னிடமே, ஒரு போட்டோக்காரனிடமே சொன்னார்.

பிறகு ஒரு வரனும் வாசல் ஏறவில்லை. பாக்கியம் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தாள். அவள் அழாத ஒவ்வொரு நாளையும் அண்ணாச்சி கணக்கில் எழுதிவைத்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நான் பொறுத்தேன்.

அண்ணாச்சியே எனக்கு ஆள் அனுப்பினார். பட்டாசு சீசன் முடிந்து, தையில் மகளுக்குக் கல்யாணம். அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து அந்தக் காமிராவைக் கொண்டுவந்திருந்தார். யாருக்கும் இயக்கத் தெரியவில்லை. "வர்றவுக அம்புட்டுப் பேருக்கும் கையில ஒரு படம் குடுத்து அனுப்பணும் தம்பி. நம்ம வீட்டுக் கல்யாணம்னு ஊரு பேசணும்" என்றார். பேசும் அண்ணாச்சி, கட்டாயம் பேசும் என்று நினைத்துக்கொண்டு காமிராவை வாங்கி வந்தேன். நான்கு நாள் அதன் புத்தகத்தைப் படித்தேன். ஒரு படம் எடுத்ததும் தாளின் நுனியை வெளியே இழுத்து, அறுபது எண்ணி, உரிக்கவேண்டும். இழுக்காமல் இன்னொரு முறை அமுக்கினால் அதே தாளில் இரண்டாவது படமும் விழும். இதைத் தவிர்க்கவும் என்று போட்டிருந்தது.

கல்யாணப் பந்தலின் ஓரத்தில் எனக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பின்னால் கருப்பு வெல்வெட் தொங்கவிட்டு, ஒரு பெஞ்சுக்கும் அதையே போர்த்தினேன். காமிராவை ஸ்டாண்டில் அசையாமல் இறுக்கினேன். கருப்புத் துணியில் வெளிச்சம் பதியாது. ஆள் இல்லாத பக்கத்துத் தாள் காலியாகவே காத்திருக்கும். மாப்பிள்ளையின் அம்மா ஆவுடைத்தாய்தான் முதலில் வந்தார். படத்தை உரித்துக் கொடுத்ததும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல பொய் கிய்யி பண்ண முடியாதோ?"

"எப்படிம்மா முடியும்? இருட்டு ரூம் கிடையாது, கழுவுறது கிடையாது. ஒங்க கண்ணு முன்னால எடுத்து ஒங்க கண்ணு முன்னால உரிக்கேன்" என்றேன். சுற்றி நின்ற இருபது பேர் தலையாட்டினார்கள். எக்ஸ்ரேயை நம்பாத அதே ஜனம்தான்.

தாலி கட்டியானதும் பெண்ணைத் தனியாக ஒரு படம் எடுக்க அழைத்தேன். பத்தொன்பது வயது. என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டாள். பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரச் சொன்னேன். பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பதாக நினைத்துத் திரும்பிச் சிரியம்மா என்றேன். வெட்கப்பட்டாள், பிறகு நன்றாகவே சிரித்தாள். அமுக்கினேன். தாளை இழுக்கவில்லை. சரியாக விழவில்லை, பிறகு எடுக்கலாம் என்று அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் வந்த சுந்தரபாண்டியைக் கூப்பிட்டு வலது பாதியில் உட்காரவைத்தேன். அவன்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. வாலிபன், கல்யாணமாகாதவன், வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இடது பக்கம் பார்க்கச் சொன்னேன், பார்த்தான். அமுக்கினேன், இழுத்தேன், எண்ணினேன். உரித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பொருத்தமான ஜோடி. அவனிடம் தாள் வீணாகிவிட்டது என்று சொல்லி வேறு படம் எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று கொடுத்தேன்.

அந்தப் படம் மங்காமல் இருக்க மேலே ஒரு திரவம் தடவவேண்டும். மற்றவற்றுக்கு ஒருமுறை தடவினேன். இதற்கு இரண்டு முறை. காய்ந்ததும், ஆவுடைத்தாய் எடுத்துப் போகவேண்டிய உறையில் பத்தோடு பதினொன்றாக வைத்தேன்.

வைகாசியில் அவர்கள் என் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அண்ணாச்சி, ஆவுடைத்தாய், நடுவில் அந்தப் பெண். அந்தப் படத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் அவளை இரண்டு முறை பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள் என்று தோழிகள் சத்தியம் செய்தார்களாம். "பொண்ணு வீட்டு ஆளுக பொண்ணுக்குத்தான பேசுவாக" என்று ஆவுடைத்தாய் சொல்லிவிட்டார். படத்தை என் மேஜையில் வைத்து, இது நிசமா என்று கேட்டார். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார். இரண்டு ஞாயிறு வாசித்து மூன்றாவது ஞாயிறு நின்றுபோனவனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவர் முகத்தில் கண்டேன்.

காமிரா தன் எதிரே வராத ஆளைப் பிடிக்காதம்மா என்று பதில் சொன்னேன். அது சத்தியமான வார்த்தை.

"அண்ணாச்சி, நான் தனியாத்தான உக்காந்தேன்? நீங்கதான சிரிக்கச் சொன்னீக? சொல்லுங்க அண்ணாச்சி" என்று என்னைக் கேட்டாள் அந்தப் பெண்.

அன்று நூறு பேரை எடுத்தேன், ஞாபகம் இல்லையம்மா என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. பதினோராம் நாள், தொழிலாளிகள் வேன் வருவதற்கு முன் கம்பெனியின் வெடிமருந்துக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெடித்த சத்தம் எங்கள் ஊர்வரை கேட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் உயிர் இருந்தது. அந்த இரண்டு நாளும் கூட இருந்த நர்ஸ் என் தங்கை. இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. கர்த்தர் செய்த ஏற்பாடு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பாக்கியம் வீட்டுக்கு வந்து யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் என் எதிரே நின்றாள். "அந்தப் பிள்ள சாகுற வரைக்கும் ஒண்ணையே சொல்லிச்சு. நான் தனியாத்தான் உக்காந்தேன் அக்கா, போட்டோக்கார அண்ணாச்சிக்குத் தெரியும், பாவம் அவுக மறந்துட்டாகன்னு. நீங்க மறக்கிற ஆள் இல்லையே அண்ணே" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து வருடமாக அவளுக்காகச் சுமந்ததை இறக்கிவைத்த நிம்மதி எனக்கு.

"எனக்கு டி.பி.ன்னு சொல்லச் சொன்னதே நான்தான்" என்றாள். "கல்யாணம் ஆனா வேலையை விடணும்னாக மாப்பிள்ளை வீட்டுல. எனக்கு வேண்டாம்னு ஒங்ககிட்டச் சொன்னேன். ஓலை வாசிச்சாச்சு, வாயை மூடுன்னு கையை ஓங்குனீக. வேற வழி தெரியாம காசிராஜன் அண்ணாச்சி கால்ல விழுந்தேன். பொய் சொல்ல மாட்டேன்னாரு அந்த மனுசன். அழுது அழுது சொல்ல வச்சேன்."

நான் கையை ஓங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பாக்கியத்துக்கு இளகிய மனசு. ஒரு சாவைப் பார்த்ததும் அடுத்தவர் பழியை எல்லாம் தன் தலையில் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். காசிராஜனும் இதையே சொல்லக்கூடும். நம்பவேண்டாம். இந்த வாக்குமூலத்தை அவரிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். யார் அடித்தது என்று தெரியாமல் வாங்கிய அடி, பாதி அடிதான். சுந்தரபாண்டிக்காகவோ என் ஆத்துமத்துக்காகவோ நான் இதை எழுதவில்லை.

பாக்கியம் நேற்று நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டாள். பெட்டியைத் தூக்குமுன், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அண்ணாச்சியின் மைத்துனர் என்னிடமே விட்டுப்போன காமிராவில் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது. மறுக்காமல் வந்து, அந்தக் கருப்புத் துணி போர்த்திய பெஞ்சின் இடது ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"மீதி எடத்துல யாரைக் கொண்டாந்து ஒக்கார வைக்கப்போறீக அண்ணே?" என்றாள்.

அறுபது எண்ணி உரித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள். படம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. பெஞ்சில் பாதி இடம் காலியாக இருக்கிறது. அதை அவள் எனக்காகத்தான் விட்டிருக்கிறாள்.