பங்காளி முறைக்கு லத்தீன் ஆதாரம்

...போன் குரூப்புல அறுவது வயசு ஆளப் பாத்து, "ஸ்கூல் ஹோம்வொர்க்கெல்லாம் இங்க செஞ்சு தர மாட்டோம்"னா எப்புடி இருக்கும் கருப்பையாண்ணே? முப்பது வருசம் ஹோம்வொர்க்கு குடுத்த வாத்தியாருண்ணே நான்! அந்த அச்சு மெசினக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, காதுலயே விழுகல.

எம் மக மெர்லின், லியோனத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. லியோன் யாரு? சந்தனசாமி மகன். சந்தனசாமி யாரு? எங் கல்யாணத்துல பாயாசம் பத்தலன்னு பாதி எலையில எந்திரிச்சுப் போன மகராசன்! அதச் சொன்னா ஊரு சிரிக்கும். அதனால, "ரெண்டு வீடும் பங்காளிக, அண்ணன் தங்கச்சி முறை, கட்டப்படாது"ன்னு ஒரே போடாப் போட்டேன். இல்லங்கிறதுக்குப் பெருசுக யாரும் உசுரோட இல்லங்கிற தைரியந்தான்! ஆதாரம் எங்கங்கிறா. கோயிலு பழைய கல்யாணப் பதிவேட்டுல இருக்குன்னுட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்க வந்துருச்சு. போயிப் பாத்தா... அம்புட்டும் லத்தீனு! ஃபாதரே எழுத்துக் கூட்டுறாரு.

சரின்னு பக்கத்தப் போட்டா எடுத்து, போன்ல லத்தீன் படிச்சுச் சொல்ற குரூப்பு தேடுனேன். மொதல்ல சேந்தது டான்ஸ் குரூப்புண்ணே! ஆம்பள பொம்பள எல்லாம் இடுப்ப ஆட்டுதுக... ரெண்டு நாளு கழிச்சுத்தான் வெளிய... சரி, அத விடுங்க. அடுத்ததுல பதினாலு விதி, படிச்சிட்டு வரணுமாம். அதுக்கடுத்த குரூப்புலதான் அந்த ஹோம்வொர்க்குப் பேச்சு. இன்னொண்ணுல ரெண்டு வெள்ளக்காரய்ங்க ஒத்த எழுத்துக்கு மூணு நாளு மல்லுக்கட்டுனாய்ங்க. கடைசியா ஒரு புண்ணியவதி, பத்தே நிமிசத்துல மொத்தத்தயும் இங்கிலீஷ்ல எழுதிப் போட்டுச்சு. ரெண்டு வீட்டுப் பேரும் கண்ணுல பட்டுச்சா... எனக்குத் தலகால் புரியல. சொந்தக்காரய்ங்க வாட்ஸாப்ல தட்டிவிட்டேன். "இந்தா ஆதாரம்! இதுல உள்ளபடிதான் எல்லாரும் நடக்கணும்!"

என்னது? படிச்சிட்டு அனுப்புனேனாவா? படிச்சிருந்தா அனுப்பிருப்பேனாண்ணே!

மெர்லின் படிச்சா. சத்தமா, தமிழ்ல. எம் பூட்டன் கட்டுனதே சந்தனசாமி பூட்டனோட கூடப்பொறந்த தங்கச்சியத்தானாம். பங்காளியாம் பங்காளி! அசல் மாமன் மச்சான்! சந்தனசாமி ஒடனே குரூப்புல "வாங்க மச்சான்"னு போடுறான், கும்புடுற கையோட. கொழுப்பப் பாத்தீங்களா?

நாலு மாசமா மொகங்குடுத்துப் பேசாத புள்ளண்ணே. அன்னைக்கி ஓடியாந்து, "அப்பா..."ன்னு கழுத்தக் கட்டிக்கிட்டா. எனக்கும் அழுக வந்துருச்சு. நெசமா சந்தோசமாத்தான் இருந்துச்சு.

சரி, எழுதிக்கங்க, ஐநூறு பத்திரிக்க. "பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி"ன்னு ஒரு வரி வழக்கமாப் போடுவீங்கள்ல... அத மட்டும் எடுத்துறாதீங்க. அந்தப் பெரியோரு நாந்தாண்ணே.