கேட்டலாக்கில் இருக்கிறது

எனக்கு ஒழுங்கு பிடிக்கும். மேசை இழுப்பறையில் சார்ஜர் வயர்களைக்கூடத் தனித்தனியாகச் சுற்றித்தான் வைப்பேன். அதனால்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் பேக்கப் வேலையை என்னிடம் ஒப்படைத்தது.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நோயாளிகளின் விவரங்கள் ஒரு டேட்டாபேஸில் இருக்கின்றன. அதைத் தினமும் நகல் எடுத்து வேறு டிஸ்க்கில் வைப்போம், அதுதான் பேக்கப். எந்த நகல், எப்போது எடுத்தது, எங்கே கிடக்கிறது என்று குறித்துக்கொள்ளத் தனியாக இன்னொரு டேட்டாபேஸ் உண்டு. அதன் பெயர் கேட்டலாக். அதை அமைத்தவன் நான். அது ஒருமுறை குறித்துக்கொண்டால் குறித்ததுதான். நகல் இன்னும் அங்கே இருக்கிறதா என்று நாம் சரிபார்க்கச் சொன்னால்தான் பார்க்கும்.

டிஸ்க் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டால் எங்கள் மேனேஜர் நூறு கேள்வி கேட்பார். எதற்கும் “ஆச்சா, ஆச்சா” என்று கழுத்தில் உட்காருவதால் அவருக்கு ஆச்சா சார் என்றே பெயர். அவரிடம் போவதற்குப் பதில் பழைய நகல்களை நானே கையால் அழித்தேன். கேட்டலாக் வழியாக அழிப்பதுதான் முறை. அவசரத்தில் நேரடியாக ஃபோல்டருக்குள் போனேன். அழித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது வேறு ஃபோல்டர். நோயாளிகள் டேட்டாபேஸின் நகல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கேட்டலாக் மட்டும் எல்லாம் பத்திரமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அடியில் ஒரு முழு நகல் இல்லாமல் தினசரி நகல் ஓடாது. புதிதாக முழு நகல் எடுத்திருக்கலாம். அதற்கு ஆச்சா சாரின் அனுமதி வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்காது, சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து இருக்கை அக்கா என் மேசைக்கு வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவு இருந்தால் அவற்றை ஒன்றாக்கும் வேலை அவருடையது.

“தம்பி, நோயாளிங்க டேட்டாபேஸ்ல கை வைக்கப் போறேன். பேக்கப் இருக்கா?”

“கேட்டலாக்ல இருக்குக்கா.”

“கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேர் இருந்தா போதுமாப்பா? ஆள் வந்திருக்காரான்னு கேக்குறேன்.”

“மாப்பிள்ளை வந்து உக்காந்தாச்சு. தைரியமா பண்ணுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவர் கை தவறவே தவறாது என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் எழுதிய கட்டளையில், எந்த நோயாளிக்கு மட்டும் என்ற நிபந்தனை விட்டுப்போயிருந்தது. எல்லா நோயாளிகளுக்கும் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம் மொத்தமாக அழிந்தது. நகல் இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் மீட்டிருப்போம்.

“சீக்கிரம் பேக்கப்பை எடுத்துப் போடு தம்பி,” என்றார் அக்கா. நான் இல்லாத நகலை மீட்பதுபோல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். வார்டுகளுக்குச் சொல்லி எச்சரிக்கலாம் என்று தோன்றியது. சொன்னால் ஏன் மீட்க முடியவில்லை என்று கேட்பார்கள். “இதோ வந்துடும்க்கா” என்றேன்.

அதற்குள், எங்களிடம் ஏற்கெனவே பதிவு உள்ள ஒரு பெரியவரை நினைவில்லாமல் கொண்டுவந்திருந்தார்கள். கூட வந்த மருமகளுக்கு ஒன்றும் தெரியாது. நர்ஸ் திரையைப் பார்த்தார். விவரம் காலியாக இருந்தால் எங்கள் திரை ‘ஒவ்வாமை இல்லை’ என்று காட்டும். அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை ஊசியில் போட்டார்கள். பெரியவர் பிழைக்கவில்லை.

அதன் பிறகு நான் செய்தது சாதாரண வேலைதான். கேட்டலாக்கைச் சரிபார்க்கச் சொன்னேன். டிஸ்க்கில் இல்லாத நகல்களின் குறிப்புகளை அது நீக்கியது. ஆக, நகல் இருந்ததாக எந்தக் குறிப்பும் இல்லை. நகல் இல்லாத டேட்டாபேஸில் அக்கா கை வைத்தார் என்றாகிவிட்டது.

அவர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். “இருக்குன்னு சொன்னியேப்பா.”

“நீங்க மருந்தகத்து டேட்டாபேஸோட பேக்கப்பைத்தானேக்கா கேட்டீங்க? அது இருக்கே.”

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “அப்படியா கேட்டேன்?”

“அப்படித்தான்க்கா.”

விசாரணையில் அவர் என் பேரைக்கூட எடுக்கவில்லை. தான் சரியாகக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். வேலை போயிற்று. இப்போது கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் எழுந்துபோய்ப் பார்க்கிறாராம். அவர் வீட்டுக்காரர் சொன்னார். நான் வாராவாரம் போய் அவருக்கு ஆறுதல் சொல்கிறேன். “ஆஃபீஸ்லேர்ந்து நீ ஒருத்தன்தான் வர்றே” என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. காபியைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேட்டலாக்குக்கும் தினமும் ஒரு நகல் போகும்படி நானே செய்து வைத்திருந்தேன். ஒழுங்குக்காகச் செய்தது. அந்த நகலை நீங்கள் தோண்டி எடுத்து, நீக்கப்பட்ட குறிப்புகளை என் முன்னால் வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன், ஒத்துக்கொள்கிறேன். நகல்களை அழித்தது நான். பெரியவர் செத்தது என்னால். அக்கா சரியாகத்தான் கேட்டார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவிடம் சொல்லும்போது, மனசு கேட்காமல் நானாகவே வந்து சொன்னேன் என்று சொல்லுங்கள். அவர் நம்புவார்.