பலாப்பழம் எந்தக் கைக்கு?

செம்மேட்டிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில், மடியில் பலாப்பழத்தோடு இருந்த பெரியவர், "மிஷினுக்குப் பழம் குடுக்க முடியுங்களா?" என்றார்.

முன்சீட்டு அம்மா திரும்பினார். "எந்த மிஷினுக்குங்க?"

"போன மாசம் என் பித்தப்பைய எடுத்துச்சே, அந்த ரோபோவுக்கு. வைத்தியம் பண்ணுன கைக்கு மொதப் பழம் குடுக்கறது எங்க ஊட்டு வழக்கமுங்க."

"டாக்டர் பண்ணலீங்களா?"

"அவரு மூலையில உக்காந்து, பெட்டிக்குள்ள பார்த்துக்கிட்டே ஓட்டுனாராம். அறுத்தது மிஷினோட கைதான்."

"அப்பப் பழம் யாருக்குங்க?"

"அறுத்த எடத்தப் பார்க்க இன்னைக்கு வரச் சொல்லியிருக்காரு. வயித்தத் தொட்டுப் பார்த்தாருன்னா அவருக்கு."

"தொடலீன்னா?"

கொண்டை ஊசி வளைவில் உருளப்போன பழத்தைப் பெரியவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மிஷினுக்கு முன்னால வச்சு ஒரு கும்பிடு போட்டுட்டு, நாமளே அறுத்துத் தின்னுட்டு வர வேண்டியதுதானுங்க."