மூன்று மார்க்கும் முதலிடமும்

பாலின் தரமும் பண்பின் திறமும் குன்றாது, முப்பத்தொரு ஆண்டுகள் மாவிளைப் பால் சங்கத்தைப் பேணிக் காத்து, இன்று பணி நிறைவு பெறும் செயலாளர் புஷ்பபாய் அம்மையாரே! தங்கள் புகழைத் தங்கள் முகத்துக்கு நேரே சொன்னால் தடுத்துவிடுவீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம், பொறுத்தருள்க.

கையுயர்த்தித் தலைவரைத் தேர்ந்தெடுத்த காலத்தில் மூன்று அணிகள் மோதும். மூன்றில் ஒரு பங்குக் கையோடு ஒருவர் ஜெயிப்பார். தோற்ற இரண்டு அணியாரும் பாலைத் தனியாருக்கு ஊற்றிவிடுவார்கள். சங்கம் மூடும் நிலைக்கு வந்தபோது, சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசை எழுதும் முறையைப் பொதுக்குழுவில் போராடிக் கொண்டுவந்தவர் அம்மையார். யாருக்கும் பாதிக்குமேல் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரின் சீட்டுகள், அவற்றில் இரண்டு என்று எழுதப்பட்டவருக்குப் போகும்.

அம்முறையில் நடந்த முதல் தேர்தலில் அம்மையாரின் சொந்தத் தம்பி ஜெயதாஸ் ஆறு வாக்கில் வென்றார். மாலை தோளில் விழுமுன் கிருஷ்ணம்மா என்ற உறுப்பினர் முணுமுணுத்தார்: "செல்லசாமிக்கு நான் மூணு மார்க்காக்கும் போட்டேன். பின்ன எப்பிடி தோத்தான்?" விசாரித்தால், இன்னும் பதினொரு பேர் மூன்றுதான் உயர்ந்த மார்க் என்று நினைத்து அப்படியே போட்டிருந்தார்கள். அம்மையார் இடத்தில் வேறொருவர் என்றால் கேட்டும் கேளாதவர்போல் இருந்திருப்பார். அம்மையார் முடிவுத்தாளை எல்லார் முன்னிலும் கிழித்தார்.

"தப்பு எனக்கதாக்கும். நம்பருன்னு சொன்னேன், வரிசைன்னு சொல்லல்ல," என்றார்.

மறுவாக்கில் செல்லசாமி வென்றார். அம்மையாரின் மகள் அஞ்சுவின் கல்யாணத்துக்குக்கூட ஜெயதாஸ் வரவில்லை. பந்தியில் அம்மையார் சிரித்து உபசரித்ததையும், பிறகு தனியே போய் அழுததையும் நாங்கள் கண்டோம்.

ஆனாலும் புதுமுறை ஆட்களை மாற்றியது. ஒன்று கிடைக்காத வீட்டிலும் இரண்டு கிடைக்கலாம் என்றானதும் மேடையில் வசவு குறைந்தது. எதிரணி வீடுகளில் ஏறி வாக்குக் கேட்கும் வழக்கம் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் பயந்து கை தூக்கியவர்கள் மனதில் உள்ளதை எழுதினார்கள். போன பாலும் திரும்பியது.

அடுத்த தேர்தலுக்கு, ஐந்தாண்டு மிதிக்காத அக்கா வீட்டுப் படியை ஜெயதாஸும் ஏறினார்.

"ஒண்ணு நீ ஆருக்கு வேணும்னாலும் போடு அக்கா. ரெண்டு எனக்குத் தருவியா?"

"ஓட்டு ரகசியமாக்கும், மக்கா. சாயா குடிச்சிட்டுப் போ."

இரண்டாம் வாக்குகளால் வென்று இன்று நம் தலைவராக இருக்கும் அவருக்கு, அக்காவின் இரண்டு கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. இம்மடலை அவரே வாசிக்கட்டும் என்றோம். "நீங்களே வாசிங்க," என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நேர்மையால் நெஞ்சம் நிறைத்த நல்லவரே, நோயின்றி நெடுங்காலம் நிம்மதியாய் வாழ்க.

அன்புடன்,
மாவிளைப் பால் சங்க ஊழியர்கள்