லேசரம்மா மீது எனக்குள்ள பொறாமை

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, துறைத் தலைவர் அவர்களே, முன் வரிசையில் துயரோடு அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் அவர்களே, அவர்தம் மகளே, செவிலியர்களே, சிகிச்சைக்கு வந்தது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்று கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் மறைந்த அம்மையாரை மனதாரப் பாராட்டினார்கள். எனக்கு அது அவ்வளவு சுலபமாக வராது. ஏன் தெரியுமா? எனக்கு அவர் மீது பொறாமை. இந்த நிமிடம் வரை பொறாமை. இந்த மண்டபத்துக்குள் நுழைந்து கூட்டத்தைப் பார்த்ததும் என் மனதில் என்ன ஓடியது? நான் போனால் இதில் பாதிப் பேராவது வருவார்களா என்று ஓடியது!

உங்களுக்கெல்லாம் அவர் லேசரம்மா. எனக்கு எதிர் அறைக்காரர். மருத்துவமனை நடைபாதையின் இந்தப் பக்கம் என் அறை, அந்தப் பக்கம் அவர் அறை. இருவர் தொழிலும் ஒன்றுதான். உடம்பில் வேண்டாத இடத்தில் சேர்ந்த கொழுப்பை எடுத்து, உருவத்தைச் சீராக்குவது. நான் பழைய முறைக்காரன். தோலுக்கடியில் மருந்து நீரை ஏற்றி, உலோகக் குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் ஓட்டி உறிஞ்சி எடுப்பேன். தோள் வலிக்கும் வேலை. அவரோ ஊசி போன்ற மெல்லிய லேசர் இழையை உள்ளே செலுத்துவார். அது கொழுப்பைச் சூட்டில் உருக்கும். பிறகு சிறிய குழாயால் உறிஞ்சுவார். சின்னத் தழும்பு, குறைந்த கன்றல், தோலும் ஓரளவு இறுகும். யாராக இருந்தாலும் எது பிடிக்கும்? சொல்லுங்கள்!

அந்த லேசர் இயந்திரம் வந்த மறு வாரம் என் உதவியாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "சார், நம்ம வாசல்ல இருக்கிற நாற்காலி சும்மாதானே கிடக்கு? அம்மா ரூம் முன்னாடி நிறையப் பேர் நிக்கறாங்க."

என்ன சொல்ல முடியும்? "எடுத்துட்டுப் போங்க" என்றேன். என் நாற்காலிகளில் அவருடைய நோயாளிகள்! வயிறு எரிந்தது, அன்பர்களே, வயிறு எரிந்தது.

ஒரு மருத்துவ மாநாட்டில் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். லேசரா, பழைய முறையா என்று விவாதம். சரியான நேரம் பார்த்து நான் ஒரு கேள்வியைப் போட்டேன். "சூட்டால் தோல் வெந்துபோன நோயாளி யாராவது உங்களிடம் உண்டா?" மழுப்புவார், மாட்டிக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் என்ன செய்தார்? திரையில் ஒரு படத்தைப் போட்டார். ஒரு பெண்ணின் மேல்கை. அதில் காசளவு தீப்புண்.

"இது நான் பண்ணதுதான். லேசரை ஒரே இடத்துல நிறுத்திட்டேன். இனிமே உங்கள்ல யாரும் நிறுத்தாதீங்கன்னு சொல்லத்தான் அந்த அம்மா அனுமதியோட இந்தப் படத்தைக் கொண்டு வந்தேன்" என்றார்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கேள்வி கேட்டவன் நான், கைதட்டல் அவருக்கு! இதை எந்த மனிதன் பொறுப்பான்?

அப்போதும் எனக்குள் ஓர் ஆறுதல் இருந்தது. எல்லாம் இயந்திரம் செய்கிற வேலை, இவர் கையில் என்ன இருக்கிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஆறுதலையும் பறித்தது யார் தெரியுமா? என் மனைவி!

தாடைக்கடியிலும் வயிற்றிலும் சேர்ந்த சதையை எடுக்க வேண்டும் என்றாள். சொந்த மனைவிக்கு நானே கத்தி பிடிக்க முடியாது. வேறு ஊரில் ஒரு நண்பர் இருக்கிறார் என்றேன். "எதுக்கு வேற ஊரு? உங்க எதிர் ரூமுலயே ஆள் இருக்காங்களே" என்றாள். போனோம். என் அறையைத் தாண்டி, எதிர் அறை வாசலில், என் நாற்காலியிலேயே நான் உட்கார்ந்து காத்திருந்தேன்.

உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தேன். என் மனைவி திரும்பினாள். "நீங்க பேசாம இருங்க. இன்னிக்கு நீங்க டாக்டர் இல்ல, கூட வந்த ஆள்."

அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிசோதித்தார். பிறகு சொன்னார்: "தாடைக்கு லேசர் போதும்மா. சின்ன இடம், தோலும் கொஞ்சம் இறுகும். வயித்துக்கு வேண்டாம். அங்க எடுக்க வேண்டியது அதிகம், லேசர்ல ரொம்ப நேரம் சூடு படும். உங்க தோல் நல்லா இருக்கு, தானா சுருங்கிக்கும். அதுக்கு உங்க வீட்டுக்காரர் முறைதான் சரி." என் பக்கம் திரும்பி, "உங்க அளவுக்கு வராது சார், ஆனா பண்ணுவேன்" என்றார்.

உங்க அளவுக்கு வராதாம்! கட்டுப் பிரித்த பிறகு, வீட்டில், நான் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தேன். தாடைக்கடியில் சிகிச்சை நடந்த சுவடே தெரியவில்லை. வயிற்றில் கன்றல் இருந்தது, பழைய முறையில் அது இருக்கத்தான் செய்யும். சில வாரங்களில் அதுவும் மறைந்தது. கையை வைத்துத் தடவினேன். ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. வாழ்நாளெல்லாம் அந்தக் குழாயைப் பிடித்த எனக்கு அந்தச் சீர் வாய்த்ததே இல்லை. என் கருவியை எடுத்து என்னையே ஜெயித்துவிட்டார்!

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி.

"பரவாயில்ல" என்றேன்.

"பொய் சொல்றீங்க" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன்? வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போய் லேசரைக் கற்றேன். பொறாமை மனிதனை அழிக்கும் என்கிறார்கள். என்னைப் படிக்க வைத்தது, அன்பர்களே!

போன மாதம் ஒரு காலையில் அறுவை அறைக்கு வெளியே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தோம். "சார், தலை ஒரு மாதிரி இருக்கு" என்றார். அப்படியே சாய்ந்தார். ஈரக் கையோடு தாங்கிப் பிடித்தேன். மூளையில் ரத்தக் கசிவு. இத்தனை மருத்துவர்கள் சூழ்ந்து நின்றும் காப்பாற்ற முடியவில்லை. கண் விழிக்காமலே மறுநாள் போய்விட்டார். போட்டிக்கு ஆள் இல்லாத நடைபாதையில் இப்போது நடக்கிறேன். இதையா நான் விரும்பினேன்?

அன்று அவர் கையால் சிகிச்சை பெறக் காத்திருந்த பெண், அழுது முடித்து, சில நாள் கழித்து என்னிடம் வந்தார். மேல்கைக்கு லேசர். அம்மையாரின் அறையில், அவர் இயந்திரத்தில் செய்தேன். லேசரை ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. நேற்று அந்தப் பெண் கண்ணாடி முன் நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு டாக்டர். ஆனா அவங்க பண்ணியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும், இல்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

அம்மையாரின் கணவர் அவர்களே! அந்த அறையைப் பூட்ட விடமாட்டேன். லேசர் பொருந்துகிறவருக்கு லேசர், பழைய முறை பொருந்துகிறவருக்குப் பழைய முறை, இரண்டுமே தேவைப்படாதவரிடம் வேண்டாம் என்று சொல்லும் நேர்மை. இந்த மூன்றையும் அவர் நடத்தியபடியே நடத்துவேன் என்று இந்த அவையில் உறுதி கூறுகிறேன். என்றாவது ஒரு நாள், அதே கேள்வியை ஒரு நோயாளி கேட்கும்போது, "இல்லம்மா, அவங்க பண்ணாலும் இப்படித்தான் இருக்கும்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வேண்டும். அதுவரை எனக்கு ஓய்வில்லை, அவர் மீதுள்ள பொறாமைக்கும் ஓய்வில்லை.

வாய்ப்பளித்த அவைக்கு என் வணக்கம்.